நீரிழிவாளருக்கு இலை போடுதல்: முதியோர் இல்ல நிர்வாகிகளுக்கு

முதியோர் இல்லம் ஒன்றை ஏற்று நடத்துபவருக்குக் கட்டடம், பணம், ஆள் பற்றாக்குறை என்று எத்தனையோ கவலைகள் இருந்தாலும், நாள் தவறாமல் மூன்று வேளையும் வாசலில் வந்து நிற்கும் கவலை சாப்பாடு ஒன்றே. அதிலும் மிகச் சிக்கலானது, நீரிழிவு உள்ளவருக்கு எதைப் பரிமாறுவது, எதை மறுப்பது, மறுப்பதற்கு நமக்கு எவ்வளவு தூரம் அதிகாரம் உண்டு என்பதாகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான பெரிய ஆய்வு, நம் தேசத்தில் 10 கோடிப் பேருக்கு மேல் இந்நோய் உண்டென்றும், தமிழ்நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்கு 14 பேர் அளவுக்கு உண்டென்றும் கணக்கிட்டது. முதிய பிராயத்தில் அந்த விகிதம் இன்னும் உயரும். ஆகவே எந்த இல்லத்தின் சாப்பாட்டுக் கூடத்திலும், ஒரு வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களில் சிலராவது ‘சுகர்’ உள்ளவர்களாகவே இருப்பார்கள் என்று வைத்துக்கொண்டுதான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும்.

இல்லத்துக்கு வந்து சேர்ந்த முதியவர், ஐம்பது அறுபது ஆண்டுகள் தம் குடும்பத்தை நடத்தி, வரவு செலவு பார்த்து, பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து முடித்தவர் என்பதையும், இப்போது அவர் கையில் மிஞ்சியிருக்கும் தீர்மானங்கள் எப்போது படுப்பது, எந்தச் சட்டையைப் போடுவது, என்ன சாப்பிடுவது என்ற மூன்று நான்கு மட்டுமே என்பதையும் நிர்வாகி ஒருபோதும் மறந்துவிடலாகாது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புக்காக 2007-இல் இயற்றப்பட்ட மத்திய சட்டம், ‘பராமரிப்பு’ என்பதற்குள் உணவு, உடை, உறைவிடம், வைத்திய சிகிச்சை ஆகிய எல்லாவற்றையும் சேர்த்தே சொல்கிறது. உணவையும் சிகிச்சையையும் ஒன்றுக்கொன்று எதிரியாக நிறுத்துவது நம் சமையலறையில் நேரும் காரியமேயன்றிச் சட்டம் விதித்ததன்று. ஒருவர் செய்யும் தீர்மானம் விவேகமற்றது என்பதற்காக மட்டும் அவரைத் தீர்மானிக்கும் திறன் அற்றவராகக் கருதக்கூடாது என்று இங்கிலாந்தில் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் வெளிப்படையாகவே கூறுகிறது. அச்சட்டம் இங்கே செல்லாது என்றாலும், அந்த நியாயம் இங்கேயும் செல்லுபடியாவதே.

நாற்பது வயதில் நீரிழிவு கண்டவருக்கு வைத்தியர் கடுமையான பத்தியம் விதிப்பது, இன்னும் பத்து இருபது ஆண்டுகள் கழித்துக் கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் இருதயத்துக்கும் வரக்கூடிய சேதத்தை இப்போதே தடுப்பதற்காகத்தான். எண்பத்திரண்டு வயதில், நடை தளர்ந்து, பல் விழுந்து, வேறு நான்கு வியாதிகளுக்கும் மாத்திரை விழுங்கிக்கொண்டிருப்பவரிடம் அதே பத்தியத்தை அதே கடுமையுடன் திணிப்பதால், வராமலே போகக்கூடிய சேதத்துக்காக இன்றைய உடல்வலுவையும் மனநிறைவையும் விலையாகக் கொடுக்க நேரிடுகிறது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ‘ஹெச்பிஏ1சி’ பரிசோதனையில் திடகாத்திரமான முதியவருக்கு 7 முதல் 7.5 சதவீதம் வரை இலக்காகக் கொள்ளலாம் என்றும், பல நோய்களோடு தளர்ந்தவருக்கு 8 வரை போதும் என்றும், மிகவும் நலிந்தவர் விஷயத்தில் அந்த எண்ணையே நம்பியிராமல் தாழ்சர்க்கரையும், தொல்லை தரும் அளவிலான உயர்சர்க்கரையும் வராமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றும் வைத்தியர்கள் கொள்கிறார்கள். அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2016-இல் முதியோர் இல்லங்களுக்கென்றே வெளியிட்ட அறிக்கை, ‘இனிப்பு கூடாது’ என்ற பழைய கட்டளைப் பத்தியங்களைக் கைவிட்டுத் தாராளமான உணவே நல்லது என்கிறது; ருசியில்லாத தட்டை முதியவர் ஒதுக்கிவிடுவார், ஒதுக்கினால் எடை குறையும், எடை குறைந்தால் விழுவார் என்பதே அதன் உட்பொருள். ஒரு மாதத்தில் உடல் எடையில் நூற்றுக்கு 5 பங்கோ, ஆறு மாதத்தில் 10 பங்கோ தாமாகக் குறைந்தால், சர்க்கரை எண் எவ்வளவு அழகாக இருந்தபோதிலும் வைத்தியரை அழைத்தே ஆகவேண்டும். மாதம் ஒருமுறை எல்லோரையும் எடை பார்க்கும் வழக்கம் இல்லாத இல்லத்தில் வேறு எந்தப் பத்தியமும் வீண் பேச்சு என்பது என் துணிபு.

சாப்பிட்டுவிட்ட இனிப்பைவிடச் சாப்பிடாமல் திருப்பி அனுப்பிய தட்டுக்கே இல்லத்தில் அதிகம் அஞ்சவேண்டும். ஒரு துண்டு மைசூர்பாகு இரண்டு மூன்று மணி நேரத்துக்குச் சர்க்கரையை உயர்த்தும், பிறகு இறங்கிவிடும். ஆனால் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்யும் மாத்திரையையோ, இன்சுலின் ஊசியையோ ஏற்றுக்கொண்ட பின் ஆகாரம் உள்ளே செல்லாவிட்டால், சில மணி நேரத்துக்குள் மூளைக்கே சர்க்கரை போதாமல் போய், அம்முதியவர் படுக்கையிலேயே நினைவிழந்து கிடக்கலாம். கிளிபென்கிளமைடின் வேகம் ஒரு நாள் முழுவதும் நிற்கக்கூடியதாகையாலும், சிறுநீரகம் தளர்ந்தவர் உடலில் அது தேங்கிவிடுமாகையாலும், முதியோருக்கு அதைத் தவிர்ப்பது நல்லது. உங்கள் இல்லத்து மருந்துப் பெட்டியில் அது இருந்தால், மாற்றிக் கொடுக்கலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். மெட்பார்மின் மட்டும் சாப்பிடுபவருக்கு இந்த அபாயம் மிகக் குறைவு. ஆகவே நீரிழிவாளர் அனைவரையும் ஒரே பட்டியலில் எழுதி வைக்காமல், ‘சாப்பிடாவிட்டால் ஆபத்து’ உள்ளவர் யார், இல்லாதவர் யார் என்று முதலில் இரண்டாகப் பிரித்து, அந்தப் பட்டியலைச் சமையலறைச் சுவரில் மாட்டாமல் (அது அவர்களுக்கு அவமானம்) பரிமாறுபவர் கையேட்டில் எழுதி வைப்பது உத்தமம்.

மாலை ஆறரை மணிக்கு ஒரு சாப்பாட்டுக் கூடத்தில் சாதாரணமாக நடப்பதைப் பாருங்கள். பாட்டிக்கு முன்னால் இரண்டு இட்லியும் ஒரு கரண்டிச் சாம்பாரும் இருக்கின்றன. அரை இட்லியைப் பிய்த்துத் தின்றுவிட்டு அவர் கையை எடுத்துக்கொள்கிறார்.

“இன்னும் ரெண்டு வாய் சாப்பிடுங்க பாட்டி.”

“வேண்டாம் கண்ணு. நாக்குல ருசியே இல்லை. கொண்டு போயிடு.”

ஆயாவும் பாவம், இன்னும் பதினைந்து தட்டு கழுவ வேண்டியவள்; மீதியை வாளியில் கொட்டிவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விடுகிறாள். ஏழு மணிக்கு வேறொரு பெண், மருந்துத் தட்டும் தண்ணீர்ச் செம்புமாக வந்து, பட்டியலில் உள்ளபடி மாத்திரையைப் பாட்டியின் வாயில் போட்டுவிட்டுப் போகிறாள். இரண்டு பேரும் தங்கள் கடமையைச் சரியாகவே செய்தார்கள்; ஆனால் வாளியில் விழுந்த ஒன்றரை இட்லியைப் பற்றி மாத்திரை கொடுத்தவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை. சர்க்கரை இறங்குவது நள்ளிரவுக்கு மேல், எல்லோரும் தூங்கும் வேளையில். காலை எட்டு மணிப் பலகாரம் வரை பதின்மூன்று மணி நேரத்துக்கும் மேற்பட்ட பட்டினி என்பதைக் கணக்கில் சேர்த்துப் பார்த்தால், இந்த நிகழ்ச்சியின் பயங்கரம் விளங்கும்.

பரிகாரம் எளியது, செலவும் இல்லாதது. சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் ஒரு பலகை வைத்து, ஆபத்துப் பட்டியலில் உள்ளவர்களுக்கு மட்டும் முழுமை, பாதி, கால் என்று தட்டின் நிலையைச் சுண்ணக்கட்டியால் குறித்துவிட வேண்டும். பெயரை எழுத வேண்டியதில்லை, படுக்கை எண் போதும். மாத்திரையோ ஊசியோ கொடுப்பவர் அந்தப் பலகையைப் பார்க்காமல் மருந்துத் தட்டைத் தொடலாகாது. பாதிக்கும் குறைவாகச் சாப்பிட்டவருக்கு என்ன செய்வது என்பதை, நடுராத்திரியில் டெலிபோனில் தேடிக்கொண்டிராமல், வைத்தியரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போடும் கலப்பு இன்சுலின், பசி நிச்சயமில்லாத முதியவருக்குப் பொருந்தாத சிகிச்சை. போட்ட பிறகு அவர் சாப்பிட மறுத்தால் ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது. சாப்பிட்டு முடித்த உடனே, சாப்பிட்ட அளவுக்குத் தக்கபடி போடக்கூடிய துரித இன்சுலின் வகைகள் இருக்கின்றன என்பதை வைத்தியரிடம் நீங்களே நினைவூட்டலாம். அதில் தவறொன்றும் இல்லை. இரவு உணவை ஏழரைக்குத் தள்ளவும், படுக்கும் முன் ஒரு தம்ளர் பாலும் இரண்டு பிஸ்கோத்தும் கொடுக்கவும் முடியுமானால், பாதி விபத்து நின்றுபோகும். வேலையாட்கள் வீடு திரும்பும் சௌகரியத்துக்காக ஆறு மணிக்கே இலை போடும் இல்லங்கள் இதை யோசிக்க வேண்டும்.

சர்க்கரை இறங்கிவிட்டதை அறிவது முதியோரிடத்தில் அவ்வளவு சுலபமன்று. நடுக்கம், படபடப்பு, பசி என்று புத்தகங்களில் எழுதியிருக்கும் குறிகள் பலருக்கு வருவதே இல்லை. இரத்தக் கொதிப்புக்காகச் சிலவகை மாத்திரைகள் சாப்பிடுபவருக்கு அவை மறைந்தும் போகும், வியர்வை மட்டுமே எஞ்சும். திடீரென்று குழறிப் பேசுவது, காரணமின்றிக் கோபிப்பது, தெரிந்த முகத்தை அடையாளம் காணாமல் விழிப்பது, தூக்கத்திலிருந்து எழுப்ப முடியாமலிருப்பது இவற்றையெல்லாம் ‘வயசாயிடுச்சு, மறதி’ என்றோ பக்கவாதம் என்றோ எண்ணிவிடாமல், முதலில் விரலில் ஒரு துளி ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் உடனே சர்க்கரை கொடுக்கவேண்டிய நிலை; 54-க்கும் கீழே என்றால் அது கடுமையான நிலை. பார்க்கக் கருவி கிடைக்காவிட்டால், இறங்கியிருக்கிறது என்றே கொண்டு சிகிச்சை தருவது பத்திரமானது. விழுங்கும் நிலையில் உள்ளவருக்கு 15 கிராம் குளுக்கோஸ், அதாவது மூன்று நான்கு தேக்கரண்டி குளுக்கோஸ் பொடியை அரைத் தம்ளர் நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி பார்த்து, ஏறாவிட்டால் மறுபடி கொடுத்து, ஏறிய பின் சோறோ இட்லியோ சாப்பிட வைக்க வேண்டும். விழுங்க முடியாதவர் வாயில் எதையும் ஊற்றலாகாது, மூச்சுக்குழலில் இறங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள். மாத்திரையால் இறங்கிய சர்க்கரை ஏறிய பின்னும் மறுபடி இறங்கக்கூடியதாகையால், நல்லபடியாகிவிட்டார் என்று விட்டுவிடாமல் வைத்தியருக்குச் சொல்லி ஒரு நாள் முழுதும் கண்காணிக்க வேண்டும்.

இங்கே பலர் அறியாத ஒரு விஷயம் உண்டு. நம் ஊரில் வோக்ளிபோஸ் என்ற மருந்தை வேறு மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுப்பது வழக்கம்; அது சாதாரணச் சர்க்கரையைக் குடல் பிரித்து ஏற்பதைத் தாமதப்படுத்துவதால், அம்மருந்து சாப்பிடுபவருக்குச் சர்க்கரை இறங்கும்போது காபிச் சர்க்கரையையோ மிட்டாயையோ கொடுத்துக் காத்திருப்பது நேரத்தை வீணாக்கும். அவருக்குக் குளுக்கோஸ் பொடியே வேண்டும். ஆகையால் குளுக்கோஸ் பொட்டலத்தை அலுவலக அலமாரியில் பூட்டி வைக்காமல், சாப்பாட்டுக் கூடத்திலும் இரவுப் பணியாளர் மேஜையிலும் ஒவ்வொன்று வைத்திருங்கள்.

இனி அடுப்படி. நீரிழிவாளருக்கென்று தனிச் சமையல், தனி மேஜை, தனி நிறத் தட்டு என்று ஏற்படுத்துவதை நான் ஆதரிக்கவில்லை. ஒரே உலையில் வெந்ததை எல்லோருக்கும் பரிமாறி, அளவில் மட்டும் வித்தியாசம் காட்டுவதே கௌரவமானது, சமையற்காரருக்கும் சுலபமானது. சமைத்த சோற்றில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. உங்கள் இல்லத்துச் சோற்றுக் கரண்டி எத்தனை கிராம் கொள்கிறது என்று ஒருநாள் தராசில் நிறுத்துப் பார்த்துவிட்டால், அதற்குப் பிறகு கரண்டிக் கணக்கே போதும். நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவு, ஒரே வேளையில் என்பதே மருந்து சரியாக வேலை செய்வதற்கு ஆதாரம். முதலில் பொரியல், கூட்டு, பருப்பு, முட்டை அல்லது சுண்டல், பிறகு சோறு என்று பரிமாறும் வரிசையை மாற்றுவதாலும் சர்க்கரை ஏறும் வேகம் தணிகிறது. சோறு குறைந்தது என்ற ஏக்கமும் வராது. பல் இல்லாதவருக்குக் கீரையை மசித்தும், காயைத் துருவியும், பயறைக் குழைய வேகவைத்தும் கொடுங்கள். பல் இல்லை என்பதற்காக மூன்று வேளையும் கஞ்சியாக ஊற்றுவது, மாவுச்சத்தைத் தவிர மற்றதெல்லாம் அவருக்கு மறுக்கப்பட்டதற்குச் சமம்.

கஞ்சி என்றதும் கேழ்வரகு நினைவுக்கு வருகிறது. கேழ்வரகுக் கூழ் சர்க்கரையை ஏற்றாது என்ற நம்பிக்கை வேரூன்றிவிட்டது. கேழ்வரகில் நாரும் சுண்ணாம்புச் சத்தும் அரிசியைவிட மிகுதி என்பது மெய்யே. ஆனால் மாவுச்சத்து, அரிசியில் 100 கிராமுக்கு 78 கிராம் என்றால் கேழ்வரகிலும் 70 கிராம் அளவில் இருக்கத்தான் செய்கிறது. அதை நைஸாக அரைத்து நீர்க்கக் காய்ச்சிக் குடித்தால் அரிசிக் கஞ்சியைப் போலவே விரைவில் ஏறும். அடையாகவோ களியாகவோ, குழம்பும் கீரையுமாகக் கொடுப்பதே தகும். கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, பனங்கற்கண்டு, தேன் ஆகியவை ‘நல்லது’ என்று உறவினர் வாங்கிவந்து கொடுப்பதும் இதே வகைதான். அவற்றில் பெரும்பகுதி சர்க்கரையே, வெள்ளைச் சர்க்கரையைப் போலவே கணக்கிட வேண்டியவை. பழங்களில் கொய்யாவும் பப்பாளியும் தாராளம். மாம்பழம் பாதி போதும். சிறுநீரகம் பழுதானவருக்கு இளநீரும் வாழைப்பழமும் வைத்தியர் சொன்னால் மட்டும்.

பொங்கலன்று சர்க்கரைப் பொங்கலை எல்லோர் இலையிலும் வைத்துவிட்டு ஒருவர் இலையில் மட்டும் வைக்காமல் போவது கொடுமை. ஒரு சிறு கரண்டி வையுங்கள்; அந்த வேளைச் சோற்றில் ஒரு கரண்டி குறையுங்கள்; இந்த மாற்றத்தை ஒளிவு மறைவின்றி அவரிடமே சொல்லிச் செய்யுங்கள். முழுத்தடை விதிக்கும் இல்லத்தில் நடப்பது வேறு: ஞாயிற்றுக்கிழமை பார்க்க வரும் மகன் கொடுத்துவிட்டுப் போன மைசூர்பாகு டப்பா தலையணைக்கு அடியில் போகும், ராத்திரி போர்வைக்குள் தின்று முடிக்கப்படும், மறுநாள் காலை 280 என்று காட்டும் எண்ணைப் பார்த்து வைத்தியர் இன்சுலினைக் கூட்டுவார், டப்பா தீர்ந்த பின் அந்தக் கூட்டிய இன்சுலின் அவரைச் சாய்த்துவிடும். ஒளித்துத் தின்ற இனிப்பு கணக்கில் வராததே அபாயம். எனவே உறவினர் கொண்டுவரும் பலகாரத்தைப் பறிமுதல் செய்யாதீர்கள். பெயர் எழுதிய டப்பாவில் போட்டுச் சாப்பாட்டுக் கூட அலமாரியில் வைத்து, மாலை டீயோடு அவரே கேட்டு ஒன்று எடுத்துக்கொள்ளும்படி செய்யுங்கள். வந்த மகனிடமும், “ஐயா, ஒரு கிலோ வேண்டாம், கால் கிலோ கொண்டு வாங்க, அம்மா மனசு நிறைஞ்சா போதும்” என்று பதமாகச் சொல்லிவிட்டால் அவரும் கேட்பார்.

விரதம் தனியே யோசிக்கவேண்டிய விஷயம். அமாவாசை, கிருத்திகை, ஏகாதசி, கந்த சஷ்டி என்று வாழ்நாளெல்லாம் விரதம் இருந்து பழகிய மூதாட்டி, இல்லத்துக்கு வந்ததனாலேயே அதை விட்டுவிடமாட்டார். கேட்டால் ‘சாப்பிட்டேன்’ என்று சொல்லிவிட்டு இருப்பார். ஆகவே நாள்காட்டியில் விரத நாட்களை முன்னதாகக் குறித்து, அன்றைக்கு எந்த மாத்திரையை நிறுத்துவது, ஊசியை எவ்வளவு குறைப்பது என்று வைத்தியரிடம் கேட்டு வைப்பதுதான் முறை. பாலும் பழமும் உண்டு என்ற விரதமாக அதை மாற்றிக்கொள்ளப் பெரும்பாலோர் இசைவார்கள். ரம்ஜான் நோன்பில் பகல் முழுவதும் தண்ணீரும் கிடையாதாகையால் அபாயம் அதிகம். சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் நோன்பாளியின் அபாயத்தை மதிப்பெண் போட்டு அளக்கும் முறையைத் தருகிறது. நோயுற்றோருக்கு மார்க்கத்திலேயே விலக்கு உண்டு என்பதை, நிர்வாகி சொல்வதைவிட அவர் மதிக்கும் இமாம் சொன்னால் மனம் ஏற்கும். எவ்வாறாயினும், சர்க்கரை 70-க்குக் கீழே போனால் விரதத்தை அப்போதே முடித்துவிடுவது என்ற ஓர் உடன்பாட்டை முதல் நாளே செய்துகொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் எடுத்துச் சொல்லிய பிறகும், ‘எனக்குத் தெரியும், நான் சாப்பிடத்தான் போகிறேன்’ என்று தெளிந்த புத்தியுடன் சொல்பவரை என்ன செய்வது? சாப்பிட விடுவதுதான். எந்த அபாயத்தை விளக்கினோம், அவர் என்ன சொன்னார் என்பதைத் தேதியுடன் எழுதி, வைத்தியருக்கும் தெரிவித்து, மருந்தை அவர் உண்மையில் சாப்பிடும் சாப்பாட்டுக்கு ஏற்ப அமைக்கச் சொல்லுங்கள். மறதி நோய் முற்றியவர் விஷயம் இதனின்று வேறு. அவர் சாப்பிட்டு அரை மணிக்குள், ‘எனக்கு இன்னும் சோறே போடலையே’ என்பார். அவரோடு வாதாடாமல் இரண்டு வாய் மோரோ வெள்ளரித் துண்டோ கொடுத்து உட்கார வைப்பது போதும். அவருக்காகத் தீர்மானிக்கும்போதும், மகன் என்ன விரும்புகிறான் என்பதைவிட, புத்தி தெளிந்திருந்த காலத்தில் அவர் எதை விரும்பிச் சாப்பிட்டார் என்பதே முதற்கேள்வியாக இருக்கட்டும்.

பரிசோதனை பற்றி இரண்டு எச்சரிக்கைகள். மாம்பழம் தின்ற விரலைக் கழுவாமல் குத்திப் பார்த்தால் கருவி பொய்யாக உயர்ந்த எண்ணைக் காட்டும். அந்தப் பொய்யை நம்பி இன்சுலின் போட்டவர்கள் உண்டு. ஒருவருக்குக் குத்திய ஊசிமுனையையோ குத்தும் பேனாவையோ மற்றொருவருக்குப் பயன்படுத்துவது மஞ்சள் காமாலைக் கிருமியைப் பரப்பும். எத்தனை அவசரமானாலும் கூடாது. அடுத்தடுத்து இருமுறை 300-க்கு மேல் காட்டினாலும், காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ சேர்ந்து தாகமும் மயக்கமும் தெரிந்தாலும், அன்றே வைத்தியரை அழையுங்கள்.

இதைப் படிக்கும் நிர்வாகி, இன்று மாலையே சாப்பாட்டுக் கூடத்தில் அரை மணி நேரம் நின்று, தட்டு எடுக்கப்படும் நேரத்துக்கும் மாத்திரை கொடுக்கப்படும் நேரத்துக்கும் இடையே யார் யாரிடம் என்ன சொல்கிறார்கள் என்று கவனிக்க வேண்டும். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லையென்றால், நாளைக் காலை முதல் வேலையாக அந்தப் பலகையை வாங்கி மாட்டுங்கள்.